சொட்டு ஒன்றுதான், கண் வேறு

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் ஏன் எல்லோருக்கும் வாய் திறந்துகொள்கிறது என்பது, வில்லியனூர்ப் பக்கம் கண் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் திறக்கும். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கண் பிரஷர். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு. அந்தச் சொட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி வேலை செய்யும்.

சிவந்த கண்

பூரணாங்குப்பத்தில் மீன்பிடிக்கும் செல்வராசுவுக்கு மருந்து ஆரம்பித்ததிலிருந்து கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. சாராயக்கடைக்குப் பஞ்சமில்லாத ஊரில் அந்தக் கண்ணோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அவர் மனைவி கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மருந்தாலதாம்மா. சில பேருக்கு இப்படிச் சிவக்கும், போகப் போகக் குறையும்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். செல்வராசு முகத்தில் அப்படி ஒரு வெற்றி. அதைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. “இனிமே நெசமாவே குடிச்சிட்டு வந்து சொட்டு மருந்துன்னு சொன்னா, நான் இன்னா பண்றது சிஸ்டர்?”

ஒரு பக்க அழகு

பாகூரில் டெய்லரிங் செய்யும் லதாவுக்கும் அதே மருந்துதான், வலது கண்ணுக்கு மட்டும். சிவக்கவே இல்லை. ஆனால் அந்தக் கண்ணில் இமைமுடி கறுகறுவென்று நீண்டு வளர்ந்துவிட்டது. “இடது கண்ணுக்கும் எழுதிக் குடுங்க சிஸ்டர், போட்டோல ஒரு பக்கம் மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கேன்.”

ஊற்றுகிற கை

உறுவையாறு கலியபெருமாளுக்கும் அவர் மனைவி அஞ்சலைக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. அஞ்சலைக்குக் கை நடுங்கும் என்பதால் அவருக்கும் கலியபெருமாள்தான் ஊற்றுவார். கலியபெருமாளுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. அஞ்சலைக்கு இறங்கவே இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் போயும்விட்டது. கூட வந்த மகள், “அப்பா இப்படிக் கண்ணுல வுடாம கன்னத்துல வுட்டா எப்படிக் குறையும்?” என்று பொரிந்தாள். “என்னாலதான் இவளுக்குக் கண்ணு போவுதா சிஸ்டர்?” என்று கேட்டார் கலியபெருமாள்.

என் எதிரில் ஊற்றிக் காட்டச் சொன்னேன். கையைக் கழுவினார். அஞ்சலையின் தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்து, ஒரே சொட்டு. மருந்து மூக்குக்குள் இறங்கிவிடாமல் மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. அஞ்சலைக்குப் பதில் அவர் வாய் திறந்திருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். சிலருக்கு இந்த மருந்து கேட்காது என்று அவர் வேறொன்று எழுதிக் கொடுத்தார். புதுப் பாட்டிலுக்கு மகள் கை நீட்டினாள். அஞ்சலை அதை வாங்கிக் கணவரின் சட்டைப் பையில் போட்டார்.

அடுத்த முறை வந்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை மகள் பக்கம் திரும்பினார். “மருந்துதாண்டி மாறுச்சி, கை அதே கைதான்.”

எந்தச் சொட்டு யாருக்குக் கேட்கும் என்பதைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பெண்டாட்டி கண்ணில் விடும்போது புருஷனுக்கு ஏன் வாய் திறக்கிறது என்பதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?