ரீட்டா அக்கா, ஸ்டெல்லா அக்கா, அந்த ஃபேஸ்புக் சண்டை

ரீட்டா அக்கா போய்விட்டார். இன்று காலை, காஜா பேராங்கில் இருக்கும் வீட்டிலேயே.

ஸ்டெல்லா அக்காதான் ஃபோன் செய்தார். "சுமதி... அக்கா போயிட்டாங்கம்மா."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் என் பக்கத்து சீட் ரீட்டா அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டையர் ஆன பிறகு, கணவரை இழந்த தங்கை ஸ்டெல்லாவோடு ஒரே வீட்டில் இருந்தார்.

அக்கா கத்தோலிக்கர். அதிலும் பழைய முறை. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில், சின்னப் பெண்ணாக முக்காடு போட்டுக்கொண்டு லத்தீன் பூசைக்குப் போனவர். பிற்பாடு பூசை தமிழுக்கு மாறியது... அக்கா மாறவில்லை.

தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார்.

வீட்டில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சண்டை எல்லாம் ஃபேஸ்புக்கில்தான். ஊர்க் கிறிஸ்தவர்கள் குரூப்பில், எல்லாரும் பார்க்க.

பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை முழந்தாளிட்டு நாவில்தான் வாங்க வேண்டும் என்று அக்கா போஸ்ட் போடுவார். வேதத்தில் எங்கே இருக்கிறது, வசனம் காட்டு என்று கீழே தங்கையின் கமெண்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அக்கா ஹாலில், தங்கை சமையலறையில். அக்காவின் ஃபோன் டிங் என்றது.

"பாரு சுமதி, மாதாவைக் கும்பிடறது பாவமாம். எவ்ளோ திமிரு இவளுக்கு!" ஏதோ வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தியைச் சொல்வது போல.

சமையலறையிலிருந்து குரல். "அக்கா, பசியாற வர்றியா இல்லையா? ஆறிப்போகுதுலா!"

"இரு, இவளுக்குப் பதில் போட்டுட்டு வரேன்!"

நான் இந்து. இருவரும் என்னிடம்தான் நியாயம் கேட்பார்கள். நான் குனிந்து தோசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை முன்பின் தெரியாத ஓர் ஆள் அக்காவுக்கு ஆதரவாக வந்தார். ஸ்டெல்லா துரோகி, நரகத்துக்குத்தான் போவாள் என்று எழுதினார். அதற்கு நிறைய லைக் வேறு.

அக்கா அந்தப் போஸ்டையே அழித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அவன் யாரு, எங்க வீட்டுப் பேச்சுல வர?"

போன மாதம் அக்காவுக்கு ஸ்ட்ரோக். பேச்சு போனது, கைகளும் விழுந்துவிட்டன.

பார்க்கப் போனேன். ஜெபமாலை விரல்களில் சுற்றியிருந்தது. மணியை நகர்த்த முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது... கண்ணில் தண்ணீர்.

ஸ்டெல்லா அக்கா கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாதா ஜெபத்தை நான் சொல்ல மாட்டேன்க்கா. என்னால முடியாது. உனக்கே தெரியும்."

பிறகு அக்காவின் விரல்களைப் பிடித்து, ஒவ்வொரு மணியாக நகர்த்திக் கொடுத்தார். உதடு அசைந்து நின்றதும் அடுத்த மணி. கடைசி வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

தினமும் அப்படித்தானாம். நேற்று வரைக்கும்.

நாளைக் காலை பூசை, பிறகு அடக்கம். பழகியவர்கள் வாருங்கள். ஸ்டெல்லா அக்கா தனியாக இருக்கிறார்.

ரீட்டா அக்கா... உங்கள் மாதா உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.