கும்பிடுபூச்சிக்குத் தயிர்சாதம்

அவரைக்கொடியைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும். முகர்ந்தால் பச்சை வாசனையோடு லேசான இனிப்பும் அடிக்கும். எல்லாம் கொடியில் கறுப்பாக அப்பிக் கிடந்து சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் வேலை. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அம்மா போட்டிருந்த பந்தல் அது. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். எறும்புச் சாரிக்கு வழிவிட்டுத்தான் அம்மா வாசலே பெருக்குவார், மருந்தடிக்கும் பேச்சே கிடையாது. அதனால் அசுவினியைத் தின்னப் பொறிவண்டும், பறப்பதையெல்லாம் பிடிக்க வலை நடுவில் பெருக்கல்குறி போட்டு உட்கார்ந்திருக்கும் சிலந்தியும் என்று, வீட்டில் இருந்தவர்களைவிட ஜாஸ்திப் பேர் பந்தலில்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்குச் செல்லம் கும்பிடுபூச்சி. "அண்ணாமலை எங்கே?" என்று கேட்டால் கையைத் தூக்கி மலையைக் காட்டும் என்பது தெருப் பிள்ளைகளின் நம்பிக்கை. எந்நேரமும் கைகூப்பி நிற்பதைப் பார்த்து, இது "நம்ம ஆளு", சுத்த சைவம் என்று எட்டு வயதில் நானே முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் காலை அந்தப் புண்ணியவான், கூப்பிய கையைச் சட்டென்று நீட்டி ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியைப் பிடித்துத் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

விடுவேனா? ஊறுகாய் பாட்டிலில் பிடித்துப் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, அதைத் திருத்தியே தீருவதென்று இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கும் அதே நேரத்துக்கு முதல் நாள் அவரைப்பூ, மறுநாள் வெள்ளரிப்பிஞ்சு, மூன்றாம் நாள் தயிர்சாதம். எதையும் தொடவில்லை. அன்று சாயந்தரம் பார்த்தால் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. பாட்டிலைத் தட்டினால் ஒரே ஒரு கால் அசைந்தது. எறும்பைக்கூட மிதிக்காத வீட்டில் கொலை செய்துவிட்டேனே என்று ஓவென்று அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அடிப்பாவி! பட்டினி போட்டு சாவடிக்கிறதுக்குப் பேரு இன்னாடி?" என்று பாட்டிலைப் பிடுங்கினாரே தவிர, அம்மாவுக்கும் கை ஓடவில்லை. திறந்து விட்டால் இது இன்னோர் உயிரைத் தின்னும். விடாவிட்டால் இதுவே போய்விடும். பாட்டிலோடு பந்தலடிக்குப் போனார். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயருகே நீட்டினார். குடித்தது! மெல்ல அதைக் கொடியில் ஏற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துத் திருப்பி, தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்துனு நிக்காதடி. அது சாப்புடட்டும்."

பந்தல் இருந்த இடத்தில் இப்போது ஊருக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். அசுவினியும் போயிற்று, பொறிவண்டும் போயிற்று. மொட்டைமாடியில் நாலு தொட்டிகள்தான் மிச்சம். போன வாரம் கறிவேப்பிலைத் தொட்டியில் பச்சையாக ஒன்று கைகூப்பி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் மங்கிப்போன அம்மா நாற்காலியிலிருந்தே, "இன்னாடி அங்க?" என்றார்.

"கும்பிடுபூச்சிம்மா."

அம்மா அவசரமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"சாப்டுச்சா?"