யோனாசுக்கு மூன்று பக்கம்

எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி எனக்கு ஒன்பது வயதிலேயே உண்டு. இன்றும் கதவைப் பூட்டினால் நான்கு முறை இழுத்துப் பார்க்கிறேன். அந்த ஒரு மத்தியானம் மட்டும் எண்ணாமல் இருந்திருக்கலாம்.

கொழும்புக்குத் தோணியில் போன அப்பா திரும்பவில்லை. அதே தோணியை ஓட்டிய தண்டலான சித்தப்பாவும் மற்றவர்களும் திரும்பினார்கள். புயலில் மூட்டைகளைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தபோது அப்பாவை அலை அடித்துப் போனதாகச் சொன்னார்கள். அப்பா ஏறிய இரண்டு தோணிகள் முன்பே சேதப்பட்டவை. ராசியில்லாதவர் என்று கரையில் பேச்சு. மன்னார்ப் பக்கம் யாராவது அவரைக் கடலிலிருந்து தூக்கியிருப்பார்கள் என்று அம்மா மட்டும் நம்பினாள். அவர் சுகமாகத் திரும்ப வேண்டுமென்று ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசைக்குக் காசு கொடுத்தாள்.

சித்தப்பா அதன்பிறகு தோணி ஏறவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். ஜப்பான் கப்பலில் எறியப்பட்டுக் கிடந்த படக்கதைப் புத்தகம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். கதாநாயகன் வாளேந்திய, பெரிய கண்களுடைய சிறுவன். நடுவில் மூன்றே பக்கம் வந்துபோகும் தாடிக்காரர், ஞானோபதேச வகுப்பில் அரைகுறையாகக் கேட்ட பைபிள் கதையின் யோனாஸ்தான். புயல், கப்பல், பெரிய மீன் எல்லாம் இருந்தன. எழுத்து தெரியாததால் படங்களைப் படித்தேன். மீன் வாயைத் திறக்கிறது. யோனாஸ் வெளியே வருகிறார். மாலுமிகள் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறார்கள். கப்பல் தட்டில் நிற்கிறார். அம்மா தினமும் அதைக் காட்டச் சொல்வாள்.

ஒருநாள் மத்தியானம் சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்க எண்களைக் கவனித்தேன். அவை வலப்பக்கத்திலிருந்து தொடங்கின.

"யம்மா, நாம பின்னாலருந்துல்லா படிச்சிருக்கோம். அவரக் காப்பாத்தல. நாலு பேரு பிடிச்சிக் கடல்ல போடுதாவ. மீனு முழுங்கிட்டு. பொறவு அவரு வரவே இல்ல."

"ஏலே, பெரிய கணக்கப்பிள்ள வந்துட்டான்" என்று சித்தப்பா சிரித்தார். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க எத்தன பேரு பிடிச்சிய, தம்பி?"

சித்தப்பா பிசைந்த சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்து போனார். அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அன்று மாலையே அம்மா கோயிலுக்குப் போய், இறந்தவர்களுக்கான ஆத்துமப் பூசைக்குக் கொடுத்தாள்.

கொண்டுவந்த புத்தகத்தைக் குறை சொன்னதில் சித்தப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். எல்லாம் சரியாகட்டும் என்று மறுநாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பழையபடி இடப்பக்கத்திலிருந்தே படித்துக் காட்டினேன். யோனாஸ் மீனிடமிருந்து தப்பித் தட்டில் ஏறி நின்றார். அம்மா ஏன் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.