யெல்லே டைகெமாவும் முதல் காரணமும்

ஹட்சன்வில் ஊர்ச் சேற்று நிலத்தில் செலரிக் கீரை போட்டவர்களிலேயே பிடிவாதக்காரர் யெல்லே டைகெமா. சேற்றில் புதையாமலிருக்க எங்கள் குதிரைகளின் குளம்புகளில் மரப்பலகை கட்டுவோம். யெல்லே வாதம் பண்ண ஆரம்பித்தால் அவருடைய குதிரை பலகையைத் தானே உதறிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். என் கண்ணாலேயே பார்த்தேன்.

யெல்லேயின் பதினேழாவது வயதில் வேதபாட வகுப்பில் போதகர் சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் காரணம்தான் கடவுள்."

"எல்லாத்துக்கும் உண்டுன்னா அவருக்கு என்ன காரணம் ஐயா?" என்றார் யெல்லே.

பதிலுக்கு வாசலைக் காட்டினார் போதகர். அதற்குப் பிறகும் யெல்லே ஆராதனைக்கு வந்தார். ஆனால் சபைமுன் எழுந்து "விசுவாசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லவில்லை. ஓட்டை விழுந்த வாதத்துக்குச் சாட்சி சொல்ல மாட்டாராம். அப்படிச் சொல்லாதவருக்குத் திருவிருந்து கிடையாது; தட்டு அவரைத் தாண்டியே போகும்.

கல்யாணமாகி மகன் பிறந்தான். விசுவாசம் சொல்லாத தகப்பன் ஞானஸ்நானத்துக்கு நிற்க முடியாது, தாய் மட்டும் நின்றால் போதும் என்றது சபை. மனைவி த்ரீனா ஒப்பவில்லை.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் பெஞ்சுல இருக்க, நான் மட்டும் கைம்பெண் மாதிரி நிக்கணுமா? ரெண்டு பேரும் நின்னாத்தான் பிள்ளைக்குத் தண்ணி!"

பிள்ளை தவழத் தொடங்கியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. சபையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வரும் சந்திப்புக்குக் கெரிட், ரோல்ஃப் என்று இரண்டு மூப்பர்கள் வந்தார்கள்.

"பாவத்துல விழுந்த புத்தி தம்பி இது. இத வச்சுக் கடவுளை அளக்கலாமா?" என்றார் கெரிட்.

"புத்தியக் கொடுத்ததும் அவர்தானே கெரிட்?" என்றார் ரோல்ஃப். "குதிரைக்கு விலை பேசும்போது மட்டும் உன் புத்தி பாவத்துல விழலையாக்கும்!"

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் நான் வரேன்," என்றார் யெல்லே.

காப்பி கொண்டுவந்த த்ரீனா குறுக்கே புகுந்தாள். "பிள்ளை பிறந்தன்னிக்கு இவர் என்ன பண்ணினார்னு கேளுங்கண்ணே."

யெல்லே கண்ணால் அதட்டினார், அவள் மசியவில்லை. குழந்தை நீலம் பாரித்து மூச்சில்லாமல் பிறந்ததும், இவர் கொல்லைக்கு ஓடி வானத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"யாரைப் பாத்துக் கத்துனே?" என்றார் ரோல்ஃப்.

"அவரைப் பாத்துதான்."

"முதல் காரணத்தையா?"

"முதல் காரணத்துகிட்ட எவனாவது கத்துவானா? கடவுள்கிட்டண்ணே!" சொன்ன பிறகுதான் யெல்லேக்கு உறைத்தது. "ஆனா பயத்துல கத்துறது நிரூபணம் ஆயிடாது."

"ஆகாதுதான்," என்றார் ரோல்ஃப். "நிரூபணமா கேட்டோம்? அவர் உனக்குத் தெரிஞ்சவரான்னு கேக்குறோம். அவரைப் பத்தி யோசிக்கவும், அவர்கிட்ட சண்டை போடவும் ஆயுசு கிடக்கு."

யெல்லே காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்:

"போதகரோட வாதம் தப்புதான்."

"தப்புதான்," என்றார் ரோல்ஃப். கெரிட்டுக்குப் புரையேறியது.

அந்த ஞாயிறு சபைமுன் "விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டதற்கு யெல்லே சொன்ன "ஆம்" பக்கத்து ஊர்ச் சபையிலும் கேட்டதாம். அங்கே தூங்கிய பாதிப் பேர் எழுந்துவிட்டார்களாம். அடுத்த ஞாயிறு த்ரீனாவோடு நின்றார். பிள்ளைக்குத் தண்ணீர் விழுந்தது.

திங்களன்று ஒரு கட்டுச் செலரியோடு போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். "இப்பச் சொல்லுங்க ஐயா, அவருக்கு என்ன காரணம்?"

இந்த முறை போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.