கடைசிப் பெயர்

எனக்குப் படித்த திமிர் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த இடம் என்ற முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். முகத்துவாரம் விழுந்தவர் இறால் அள்ளுவார். கடைசியில் மிஞ்சுவது சேற்றுப்பக்கம், அங்கே பாசிதான் வலையில் ஏறும். சீட்டு மடித்ததில் கள்ளம் என்று வருஷா வருஷம் கைகலப்பு நடக்கும்.

எண்பதுகளில் நான் மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்தேன், ஊரிலேயே முதல் ஆளாக. பள்ளிக்கூட நாளிலேயே சாமி நம்பிக்கையை விட்டவன், அதே பக்தியை அப்படியே மிஷினுக்கு மாற்றிவிட்டிருந்தேன். "மிஷினு குலுக்குனா கள்ளம் கெடையாது" என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கல்லூரி லேபில் நாற்பது பெயரையும் வீட்டு வரிசைப்படி தட்டி, குலுக்கி, அச்சடித்து எடுத்து வந்தேன். பட்டியலில் முதல் பெயருக்கு முகத்துவாரம், கடைசிப் பெயருக்குச் சேறு. சண்டை நின்றுபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரின் கோடி வீடு என் சித்தப்பாவுடையது. முதல் வருஷம் அவருக்குச் சேறு. அடுத்த வருஷமும் சேறு. மூன்றாவது வருஷமும் நான் அதையே வாசித்தபோது அவர் மகள் கூட்டத்துக்குள் வந்து நின்றாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டி.

"அண்ணா, நீ எங்க நைனா பேரக் கடைசியா எழுதிக்கினு போற. மூணு வருசமும் கடைசியாவேதான் வர்து. அந்தப் பேரு குலுக்கல்ல சேர்தா இல்லியான்னு பாரு."

"கம்ப்யூட்டரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? உன் மண்டைக்கெல்லாம் இது ஏறாது, போ" என்றேன். கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்து அவளை வீட்டுக்கு விரட்டினார்.

மெட்ராஸ் திரும்பியதும் மனசு கேட்காமல் லேபில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. என் புரோகிராம் முப்பத்தொன்பது பெயரைத்தான் குலுக்கியது. நாற்பதாவது பெயர் குலுக்கலுக்குள் வரவே இல்லை, மிஞ்சிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு எண்ணை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஊரில் மூச்சு விடவில்லை. கூட்டத்தின் முன்னால் தலைகுனிய எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வருஷம் சித்தப்பாவுக்கு முகத்துவாரம் விழுந்தது. "மிஷினு இப்பதான் கண்ணத் தொறந்திச்சி" என்று என் தோளைத் தட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். அதற்குள் அவள் படிப்பை நிறுத்தியிருந்தாள். வீட்டுக் கஷ்டம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருஷம் கழித்து, வேலை கிடைத்ததைச் சொல்லப் போகிற சாக்கில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். அவளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் பாத்தது சரியாண்ணா?"

தலையாட்டினேன்.

"நம்ம மண்டைக்கு ஏறாதுன்னுதான் பரிச்சைக்கே போவல. இத்தினி வருசமா நான் மக்குன்னே நெனச்சிக்கினு கீறேன்."