மூன்று முறை சிமிட்டும் சிவப்பு

நடுரோட்டில் நான் இரண்டு பேரை அடித்திருக்கிறேன். முதல் ஆளைச் செருப்பால், இரண்டாவது ஆளை ஹெல்மெட்டால். இரண்டு தடவையும் என் புருஷன் பக்கத்தில் ரோட்டில் கிடந்தார். அதனால் எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் தடவை தி.நகரில். அவர் பைக் ஓட்ட, நான் பின்னால். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. இவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த குட்டி வேன் எங்களை அடித்துத் தூக்கியது. எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அவருக்கு வலது தொடை எலும்பு போய்விட்டது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது என் காதில் விழுந்தது.

வேன்காரன் இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை, "லைட்டே எரிலம்மா, நான் இன்னா பண்றது?"

விழுந்து கிடக்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை, நியாயம் பேச வந்துவிட்டான். ஆட்கள் வந்து என்னைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அவன் உதடு கிழிந்தது. என் செருப்பும் அறுந்தது.

பிரேக் லைட் எரியவில்லை என்பது உண்மைதான். பல்பு எப்போது போனதோ தெரியாது. ஓட்டுகிறவனுக்குத் தன் முதுகுப் பக்கம் தெரியுமா? பின்னால் வருகிறவர்கள்தான் சொல்லவேண்டும். சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போனால் கத்திக்கொண்டே துரத்தி வருகிற ஊர் இது. துப்பட்டா சக்கரத்துப் பக்கம் பறந்தால் நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். லைட் எரியவில்லை என்று சொல்ல மட்டும் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பும் சேர்ந்தது. "காலை நல்லா ஊணி நடங்க. ஆனா அதே இடத்துல இன்னொரு தடவை பலமா அடிபட்டா கஷ்டம்" என்றார் டாக்டர். என் புருஷன் காதில் முதல் பாதி ஏறவே இல்லை. கைத்தடியை ஊன்றி, வலது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து, மாதக்கணக்கில் அப்படியே நொண்டினார். கொரியர் வேலை போய்விட்டது. பாத்ரூம் போகக்கூட என் தோளைப் பிடிப்பார். மல்லன் மாதிரி இருந்த மனுஷன். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் போனதைவிட அந்தப் பயம்தான் அவரைத் தின்றது.

பைக்கை நான் எடுத்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் எனக்கு பேக்கிங் வேலை. பொம்பளை பைக் ஓட்டுகிறாள் என்று தெருவில் இளித்தவர்கள் இளிக்கட்டும் என்று தினமும் அதில்தான் போய்வந்தேன். அவரையும் பின்னால் உட்காரவைத்து, சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன். வழி நெடுக என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு விட்டேன்.

"பின்னால வர்றவன் கண்ணு கூசணும்" என்றேன் கடைக்காரரிடம். பழைய மஞ்சள் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. பிரேக் லைட் போட்டார். பிரேக்கைத் தொட்டால் மூன்று முறை சிமிட்டிவிட்டு, அப்புறம் கொள்ளிக்கண்ணாக நின்று எரியும். இண்டிகேட்டர்களும் புதுசு. புது இண்டிகேட்டர் போட்டதும் அது பைத்தியம் பிடித்த மாதிரி படபடவென்று அடித்தது. சிமிட்டலைக் கட்டுப்படுத்துகிற ரிலேயை மாற்றியதும் ஒழுங்குக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரைத் தெருக்கோடியில் நிற்கவைத்து நான் பிரேக்கை மிதித்தேன். "எரியுதுமே! நல்லா எரியுது!" என்று கத்தினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தேன்.

அதன்பிறகு அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பது குறைந்தது.

ஆயுத பூஜை வந்தது. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். "வண்டிக்கு நான் பண்றேன்" என்று முக்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். கழுவி, துடைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வரைக்கும் எல்லாம் அவர் கை. நான் வந்து, மாலை ஹேண்டில்பாரில் சிக்குமா என்று மட்டும் பார்த்தேன். பழத்தை நசுக்கிக்கொண்டு மயிலாப்பூர் கோயிலுக்குக் கிளம்பினோம். கைத்தடி எங்கள் இருவருக்கும் நடுவில்.

லஸ் பக்கம் போகும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. குறுக்கே ஒரு மாடு வந்தது. பிரேக் போட்டேன். பின்னால் டமார்.

வண்டி வலது பக்கம் சாய்ந்தது. அவர் உருண்டு போய், தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தார். அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். இடித்தவன் தாடி வைத்த இளவட்டம். தன் பைக்கைத் தூக்கிக்கொண்டிருந்தான். என் ஹெல்மெட் அவன் வாயில் இறங்கியது. ரத்தம் கொட்டியது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது? அந்தக் கால்ல கம்பி கீதுடா, பேமானி!"

"அக்கா, சத்தியமா லைட்டே எரிலக்கா!"

அதே வார்த்தை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண் கூசுகிற லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தவளிடமே அதைச் சொல்கிறான். மறுபடியும் ஓங்கினேன். இந்த முறை அவன் மண்டைதான் குறி. யாரோ என் கையைப் பிடித்தார்கள். பிடித்தவன் மணிக்கட்டைக் கடித்தேன்.

அப்போதுதான் பின்னால் கண்ணாடி நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

திரும்பினேன். வலது பக்கம் விழுந்ததில் பிரேக் பெடல் தரையில் அழுந்தி, லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் உள்ளங்கை கனத்துக்குச் சந்தனம். நடுவில் அகலமாகக் குங்குமம். இண்டிகேட்டர் ஒன்று விடாமல் சந்தனம். புது லைட், முதல் பூஜை என்று அள்ளி அப்பியிருக்கிறார். காய்ந்து இறுகிப்போயிருந்தது. குடத்தில் இட்ட விளக்கு என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

என் புருஷன் அதன் முன்னால் நின்று மிதித்துக்கொண்டிருந்தார். "என் கையாலயே... என் கையாலயே..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மடேர் மடேரென்று குதிகாலால் மிதித்தார். லைட் விரிசல் விட்டு, உடைந்து, ஒயரோடு பிய்ந்து வந்தது. அப்புறமும் விடவில்லை. வாயில் ரத்தம் வழிய அந்தப் பையன்கூடப் பயந்து பின்வாங்கினான்.

நான் லைட்டைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். வலது கால்.

"யோவ்" என்றேன். "யோவ், கால்யா. கால ஊணிகினு நிக்கிறேய்யா."

அவர் குனிந்து பார்த்தார். வேறு யார் காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். மெதுவாக இன்னொரு முறை தரையில் அழுத்திப் பார்த்தார். அப்புறம் நடுரோட்டில், கூட்டத்துக்கு நடுவில், ஓவென்று அழுதார். நானும் அழுதேன்.

"இன்னா குடும்பம்டா இது" என்று அந்தப் பையன் ரத்தத்தைத் துப்பினான். வண்டியைத் தூக்கிக் கொடுத்ததும் அவன்தான்.

கோயிலுக்குப் போகவில்லை. வீடு வரைக்கும் நான் பிரேக் தொடும்போதெல்லாம் அவர் பின்னால் கையை நீட்டி, "நிக்கிறோம்! நிக்கிறோம்!" என்று வருகிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கைத்தடி இல்லாதது தெரிந்தது. ரோட்டிலேயே விட்டுவிட்டோம். திரும்பிப் போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"கெடக்குது வுடு" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடிக்காமல் படி ஏறினார்.