பணிக்கு முன் தூங்கிய நேரம்

சிக்னல் அறையில் இருபத்தொரு வருடம் உட்கார்ந்தவருக்குப் பகல் எது, இரவு எது என்பதை மனைவிதான் முடிவு செய்வாள். காலை ஏழு மணிக்கு ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இப்போது இரவு என்று அறிவிப்பாள். தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் வாசலில் போய் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். அடித்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்.

போர்வை ஓட்டைகள் வழியாக வெயில் நட்சத்திரங்களாக விழும். அவற்றின் கீழே அவர் தூங்குவார் என்று சொல்ல முடியாது. தூக்கத்தின் ஓரமாக நடந்துபோவார். கட்டில் மெல்ல நகரும். குழாய்ச் சத்தம் தூரத்து மழையாகும். மிக்ஸி ஓடினால் ஒரு சரக்கு வண்டி தலையணைக்கு அடியில் புகுந்து காது வழியாக வெளியேறும்.

ஊழியர்களின் களைப்பைப் பற்றி நிர்வாகத்துக்கு மிகுந்த கவலை. அதைப் போக்கிக்கொள்ள ஒரு வகுப்பு நடத்தியது, இரவுப் பணி முடிந்தவர்களுக்கு, காலை எட்டு மணிக்கு. விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். அந்த வருடத்திலேயே எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான். வகுப்பு வெற்றி பெற்றதன் அடையாளமாக வருகைப் பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் முளைத்தது: 'பணிக்கு முன் தூங்கிய நேரம்'. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பணியில் உட்காரக் கூடாது என்று விதி.

எல்லோரும் எட்டு என்று எழுதினார்கள். அவரும்தான். காலை ஆறுக்குப் பணி முடிந்து அன்றே மதியம் இரண்டுக்குத் திரும்ப வேண்டிய நாட்களிலும் எட்டு. இடையில் இருப்பதே எட்டு மணி நேரம். பல் துலக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் தூங்கியிருந்தால்தான் கணக்கு சரிவரும். மேலிடம் அதை மூன்று கையெழுத்துடன் ஏற்றுக்கொண்டது.

போன வியாழன் மதியம், அடுத்த நிலையத்துக்காரர் போனில் வண்டிக்குப் பாதை கேட்டார். இவர் கொடுத்தார். பிறகு பார்த்தால் போன் வைத்த இடத்திலேயே இருந்தது. இவரே கூப்பிட்டார்.

"நான் இப்ப உங்களுக்கு லைன் குடுத்தேனா?"

"நான் கேக்கவே இல்லையேப்பா. எந்த வண்டிக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

ஒற்றைப் பாதை அது. கனவில் கொடுத்தால் பாதகமில்லை. விழிப்பில் கொடுத்துவிட்டு அதைக் கனவென்று நினைத்தால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி. ஆனால் இதை யாரிடம் சொல்வது? ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத கோப்பு அவருடையது. பதவி உயர்வுப் பட்டியலில் நாலாவது பெயர்.

இன்று பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டு அலமாரி மாட்டினார். மனைவியின் பார்வைக்கு அந்த இயந்திரம் மசியவில்லை. மதியம் ஒன்றே முக்காலுக்குப் பணிக்கு வந்தவர் பதிவேட்டில், எட்டு வர வேண்டிய இடத்தில், 'ஒன்றேகால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளர் அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார்.

"என்னய்யா இது?"

"தூக்கம் சார்."

"ஊரே எட்டு எழுதுது. உனக்கு மட்டும் உண்மை எழுதணும்னு வேண்டுதலா?"

"கட்டத்துல அதத்தானே சார் கேட்டிருக்கு."

"கேப்பாங்க. கேட்டா சொல்லிடறதா? அடிச்சிட்டு எட்டு போடு. பட்டியல்ல நாலாவதா நிக்கிற, ஞாபகம் இருக்கட்டும்."

பேனா கட்டத்தின் மேல் மிதந்தது. அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அசைந்தது. அவர் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னார்.

"முழிச்சுக்கிட்டா இருந்த?" என்றார் மேற்பார்வையாளர், குரல் இறங்கி.

"அதுதான் சார் தெரியல."

காலைப் பணிக்காரர் நேரம் முடிந்து பையோடு நின்றார். அவரையும் இருத்த முடியாது. கடைசியில் மேற்பார்வையாளரே பொத்தான் பலகை முன் உட்கார்ந்தார். கடைசியாக அங்கே உட்கார்ந்து பதினோரு வருடமாகியிருந்தது. தகுதிச் சான்றிதழ் மட்டும் தவறாமல் புதுசாகிக்கொண்டிருந்தது. பயத்தில் அவரளவுக்கு விழித்திருந்தவர் அந்த அறையின் வரலாற்றிலேயே இல்லை.

"மெமோ வரும்," என்றார், விளக்குகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏன் தூங்கலன்னு மூணு நாள்ல பதில் குடு."

ஓய்வறைக் கட்டிலில் சாய்ந்து அவர் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"அப்ப வண்டிய யாரு பாத்துக்கறா?"

"மேற்பார்வையாளர்."

"ஐயய்யோ. நாலு மணி வண்டியில எங்கண்ணன் வராரே."

"பத்திரமா வருவாரு. இவரு கண்ணே இமைக்கல."

"பட்டியல்ல பேரு போயிடுமா?"

"போகலாம்."

"போனா போகுது. அங்க நீங்க கண்ணசந்துட்டா என்ன ஆகுமோன்னு நானும்தான் இத்தன வருஷமா சரியாத் தூங்கல. படுங்க. நானும் செத்த நேரம் படுக்கறேன்."

நாலு மணி வண்டி ஓய்வறைச் சுவரை உரசுவதுபோல் கடந்து போனது. அவருக்குக் கேட்கவில்லை. அவளும் அண்ணனுக்குக் கதவு திறக்க வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.